நாமளே எடுத்துரலாம்

அந்தப் பிடரியைச் சங்கரவடிவுக்குத் தெரியும். மூன்று வரிசைக்கு முன்னால், சிவப்பு எழுத்தில் டோக்கன் எண் மாறிக்கொண்டிருக்கும் பலகைக்கு நேர் கீழே, எத்தனையோ பிடரிகளுக்கு நடுவில் அதுவும் ஒன்றாக இருந்தது. நரை கூடியிருந்தது. காலர் வியர்வையில் நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது. ஆனால் இடது காதுக்குக் கீழே மிளகளவு மரு, அது மாறவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஆபரேஷன் தியேட்டர் வாசலிலிருந்து தன் அறைக்கு அவர் விறுவிறுவென்று நடக்க, அவள் பின்னாலேயே ஓடினாளே, அந்த ஓட்டம் முழுக்க அவள் கண்ணுக்கு நேரே இருந்தது அந்த மருதான். 'நல்லபடியா முடிஞ்சுதும்மா, வழிச்சு எடுத்துட்டேன்' என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். டாக்டர் பால்வண்ணன். ஊரில் கைராசிக்காரர் என்று பெயர். அவர் எதற்குச் சென்னையில், இந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில், காலை பத்தேகாலுக்கு, டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்? மாநாடு எதற்காவது வந்திருப்பார் என்று முதலில் நினைத்தாள். மாநாட்டுக்கு வருகிறவர்களுக்கு வேறு வாசல், வேறு லிஃப்ட். அவர்கள் இந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஏன் வரப்போகிறார்கள். அப்படியானால் அவருக்கே வந்துவிட்டதா. அந்த நினைப்பு வந்ததும் கத்திரி வெயிலில் மோர் குடித்தாற்போல நெஞ்சுக்குள் ஏதோ ஜில்லென்று இறங்கியது. அவள் அதைத் தடுக்கவில்லை. இறங்கட்டும். நாலு வருஷமாகக் காய்ந்து கிடந்த தொண்டை.

தம்பி குமரகுருபரன் ஸ்கேன் அறைக்குள் போய் இருபது நிமிஷம் ஆகிறது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நெஞ்சை ஸ்கேன் பண்ணிப் பார்க்க வேண்டும். இந்த வியாதி தொடையில் தொடங்கினாலும் ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும் இடம் நுரையீரல்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி வருகிறார்கள். ஊரில் வண்டி ஏறும்போது பேசத் தொடங்குகிறவன் தாம்பரம் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவான். இன்றைக்கும் அப்படித்தான். உள்ளே போகும்போது மட்டும், 'எக்கா, காப்பி குடிக்கதுன்னா குடி, எனக்காகக் காத்திருக்காத' என்றான். இன்னும் அரைமணி நேரத்தில் வந்துவிடுவான். வந்து அந்த மருவைப் பார்த்தால் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு ஓடிப்போய் அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொள்வான். ஏனென்றால் அவனுக்குத் தெரியாது. 'பால்வண்ணன் சார் மட்டும் அன்னைக்கு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலேன்னா நான் இந்நேரம் போய்ச் சேந்திருப்பேன்' என்று மின்வாரிய ஆபீசில், டீக்கடையில், ரயிலில் எதிரே உட்கார்ந்தவர்களிடம், எல்லோரிடமும் சொல்கிறவன் அவன். அவன் சொல்லும்போதெல்லாம் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள். சொல்லவா, வேண்டாமா. சொன்னால் போன கால் இன்னொரு முறை போகும். வேண்டாம். அவன் நிம்மதியாக இருக்கட்டும், எரிகிறதை நான் எரிகிறேன் என்று வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டு இருந்துவிட்டால் தணிந்துவிடும் என்றும் நினைத்தாள். தணியவில்லை. உமியில் போட்ட நெருப்பு மேலே சாம்பலாகத்தான் தெரியும்.

நாமளே எடுத்துரலாம். அதுதான் அவர் சொன்னது. குமரனுக்கு வலது தொடையின் பின்பக்கம் ஒரு கட்டி, எலுமிச்சம்பழ அளவு, வலி கிடையாது. லைன்மேன் வேலை பார்க்கிறவன், கம்பம் ஏறி இறங்குகிறவன், எங்காவது இடித்துக்கொண்டிருப்போம் என்று ஆறு மாசம் நல்லெண்ணெய் தடவினான். எலுமிச்சை நார்த்தங்காய் ஆனபிறகுதான் அக்காவிடமே சொன்னான். பால்வண்ணன் இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார், மேசையிலிருந்த போனையும் ஒருதரம் பார்த்தார், கொழுப்புக் கட்டி மாதிரிதான் இருக்கு, நாமளே எடுத்துரலாம் என்றார். நாமளே. அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் நாலு வருஷமாகக் கால் இடறி விழுந்துகொண்டிருக்கிறாள். கிளை நூலகத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்க்கிறவள், தமிழ் எம்.ஏ., கேட்கிறவனையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிற பன்மை அது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தி பிடித்தவர் அவர். குப்புறப் படுத்தவன் குமரன். வாசலில் நின்றவள் இவள். மூன்று பேரையும் அந்த ஒரு சொல்லுக்குள் போட்டு முடிச்சுப் போட்டார், கால் மட்டும் ஒருத்தனுக்குப் போயிற்று. அவருடைய நர்சிங் ஹோம் வாசலில் ஒரு பெரிய போர்டு உண்டு. குடலிறக்கம், மூலம், பித்தப்பைக் கல், சகலவிதக் கட்டிகளும். சகலவித. நூலகத்துக்குப் போகிற வழியில் அந்த போர்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு தெரு வழியாகப் போகலாம், நாலே நிமிஷம் கூடும். அவள் போகமாட்டாள். தினமும் அந்தச் 'சகலவித'வைப் படித்துவிட்டுத்தான் போவாள்.

இங்கே முதல்தடவை வந்த இரண்டாம் நாள்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. சதையில் வரும் புற்றுக்கென்றே இருக்கிற சார்கோமா பிரிவில் ஒரு டாக்டரம்மா, ஒல்லியாக, குரலே எழும்பாமல் பேசுகிறவர், குமரனைக் குப்புறப் படுக்கச் சொல்லித் தழும்பைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற மாணவர்களிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். அவர்கள் எல்லோரும் ஒரேமாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். அந்த முகங்களைப் பார்த்த பிறகுதான் சங்கரவடிவு அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள். 'மொதல்ல யாரும்மா கை வச்சது?' என்று அவர் திருப்பிக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். இந்தக் கட்டி லட்சத்தில் நாலைந்து பேருக்குத்தான் வரும். ஊரில் இருக்கிற ஒரு சர்ஜன் ஆயுசில் ஒன்றோ இரண்டோ பார்ப்பார், பார்க்காமலே ரிட்டையர் ஆகிறவரும் உண்டு. கொழுப்புக் கட்டி ஆயிரம் பார்த்த கை, இதையும் அப்படியே தோண்டிவிடும். இங்கே வாரத்துக்கு ஏழெட்டு பேர் வருகிறார்கள். வந்ததும் யாரும் கத்தியை எடுக்கிறதில்லை. எம்.ஆர்.ஐ., அப்புறம் ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பரிசோதனை, அப்புறம் படம் பார்க்கிறவர், திசு பார்க்கிறவர், வெட்டுகிறவர், கதிர் வைக்கிறவர் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். அப்புறம்தான் வெட்டு. அதுவும் கட்டியைத் தொடாமல், சுற்றியுள்ள நல்ல சதையோடு, ஓடு உடையாத முட்டையை எடுக்கிற மாதிரி. 'இங்க இருக்கவங்களுக்கெல்லாம் பெரிய மூளைன்னு அர்த்தம் இல்லம்மா. நெறைய பாக்கோம், அவ்வளவுதான். எங்க நெறைய பேரைப் பாக்காங்களோ அங்க நெறைய பேர் பிழைக்காங்க. எல்லா நாட்டுலயும் கணக்கு எடுத்துப் பாத்துட்டாங்க.' தழும்பு தொடைக்கு நெடுக்காக இல்லாமல் குறுக்காக இருந்ததாம். ரத்தம் வடிய வைத்த குழாயின் துளை தள்ளி எங்கேயோ இருந்ததாம். கட்டி மூன்று துண்டாக வந்திருக்கிறது என்று ரிப்போர்ட்டே சொல்கிறதாம். உடைந்த முட்டை. கத்தி போன பாதையெல்லாம் விதை தூவின மாதிரி. தொடையின் பின்சதை முழுக்க, நரம்போடு. இடுப்புக்கு ஒரு சாண் கீழே காலையே எடுத்தார்கள். 'மொதல்ல இங்க வந்திருந்தா?' என்று கேட்டாள். அந்த அம்மா அவள் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடிதான் பதில்.

அன்றிலிருந்து அவள் அந்த ஆளை எத்தனை முறை கொன்றிருக்கிறாள். மனசுக்குள்தான். நூலகத்தில் பத்திரிகைகளுக்கு முத்திரை குத்துகிறபோது ஒவ்வொரு குத்தும் அந்தக் கைக்கு. மருத்துவக் கவுன்சிலுக்குப் புகாரை ஏழு தடவை எழுதிக் கிழித்தாள். வக்கீல் ஒருத்தரிடம் போனாள். அவர், 'தெரியாததைச் செஞ்சதுக்கும் அலட்சியத்துக்கும் நடுவுல கோர்ட்டு ஒரு கோடு போட்டிருக்கும்மா, நம்ம ஆளு அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்காரு' என்றார். கோடு. தொடையில் குறுக்கே போட்டதும் கோடுதானே. அவருடைய கை நடுங்க வேண்டும் என்று சங்கரலிங்க சுவாமியிடம் வேண்டியிருக்கிறாள், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் நின்று, எல்லோரும் பிள்ளைவரமும் வேலையும் கேட்கிறபோது. கத்தி பிடிக்க முடியாமல் நடுங்க வேண்டும், சோறு பிசையும்போது நடுங்க வேண்டும். உயிர் போக வேண்டாம், கை இருந்தும் இல்லாமல் போக வேண்டும். ஆனால் ஒன்றே ஒன்றை மட்டும் நேரில் கேட்டுவிட வேண்டும் என்று வைத்திருந்தாள். அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியது. கேட்க வேண்டும் என்று தெரியாமல் போனது. கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பிடிக்கும்போது, எத்தனை பந்தி பார்த்தவர், ஆயிரம் இலைக்கு மேலே சமைத்ததுண்டா என்று கேட்டாளே. கத்தி பிடித்தவரிடம் கேட்கவில்லை. சார், இது மாதிரி எத்தனை பண்ணியிருக்கீங்க. ஐந்தே வார்த்தை.

கல்யாணம். அங்கே போகாதே. பலகையில் ஐம்பத்தேழு. மருவுக்குச் சொந்தக்காரர் எழுந்து, தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பப் போனார். அப்போதுதான் அவர் இடத்துக்கு அந்தப் பக்கம் இருந்த நாற்காலி அவளுக்குத் தெரிந்தது. ஒரு பெண். பத்தொன்பது இருபது வயது, மஞ்சள் சுடிதார், இடது முன்கையைத் துப்பட்டாவால் மூடி மடியில் ஒரு பொருளைப் போல வைத்திருக்கிறாள். மடியில் பெரிய பழுப்பு உறை, படங்கள் வைக்கிறது. முகத்தில் அந்த மனிதருடைய மூக்கு. நோயாளி அவர் இல்லை. மகள். சங்கரவடிவுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை, அடுத்த கணம் எல்லாம் புரிந்தது. எழுபது கட்டில் உள்ள நர்சிங் ஹோம், சொந்தத் தியேட்டர், சகலவிதக் கட்டிகளும். எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி, மகளைக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தெரிந்திருக்கிறது. எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. யாருடைய கை வேண்டும், யாருடைய கை ஆகாது என்று தெரிந்திருக்கிறது. தன் பிள்ளை என்றால் தெரிகிறது. நெஞ்சில் இறங்கின மோர் இப்போது சுண்ணாம்பாகக் கொதித்தது. அந்தப் பெண் துப்பட்டாவை விலக்கிக் கையைப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடினாள். அவ்வளவு சின்ன வீக்கம். குமரனுடையதில் பாதி இருக்காது. பரவியிருக்கட்டும் என்று சங்கரவடிவு நினைத்தாள். தெளிவாக, வார்த்தையாக நினைத்தாள். நுரையீரல் வரைக்கும் போயிருக்கட்டும், அந்த ஆள் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கட்டும், பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். நினைத்த பிறகு அந்த நினைப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள முயன்றாள். வரவில்லை. பாதி வந்தது. அந்தப் பெண் கொட்டாவி விட்டாள், சின்னப் பிள்ளை மாதிரி, வாயைப் பொத்தாமல்.

கல்யாணம். மனசு ஒரு நாய், போகாதே என்ற தெருவுக்குத்தான் போகும். தை பத்தொன்பது முகூர்த்தம். பெண் கல்லிடைக்குறிச்சி. மண்டபம் பேசியாயிற்று, பத்திரிகை அச்சாகிக்கொண்டிருந்தது, முப்பத்திநாலு வயசுத் தம்பிக்குக் கடைசியில் கூடிவந்த கல்யாணம். தான் பண்ணிக்கொள்ளவில்லை, அவனுக்காவது பண்ணிப் பார்த்துவிட வேண்டும் என்று அவள் நாலு ஊர் அலைந்து கொண்டுவந்த பெண். மார்கழி முதல் வாரம் அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அமுக்கிப் பார்த்தார். போனைப் பார்த்தார். கொழுப்புக் கட்டி மாதிரிதான் இருக்கு. அப்புறம். அப்புறம்தான் நாமளே எடுத்துரலாம். இல்லை. நடுவில் ஒன்று இருந்தது. அந்த நடுவை அவள் நாலு வருஷமாகக் கையால் பொத்தியே வைத்திருக்கிறாள். குமரன் பேன்ட்டை மாட்டிக்கொள்ளப் பக்கத்து அறைக்குப் போயிருந்தான். அவர் சீட்டில் எழுதப் பேனாவை எடுத்தார், கொஞ்சம் ஆழமா இருக்கிற மாதிரி தெரியுது, எதுக்கும் மதுரைக்குப் போய் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வந்திருங்களேன் என்றார். அவள்தான் சொன்னாள். 'அதுக்கெல்லாம் நாள் இல்ல சார். தை பத்தொம்பதுக்கு முகூர்த்தம். மாப்பிள்ளைக்கு ஸ்கேன் கீன்னு வெளிய தெரிஞ்சா பொண்ணு வீட்டுல ஒண்ணு கெடக்க ஒண்ணு நெனைப்பாங்க. நீங்களே எடுத்து விட்டுருங்க.' நீங்களே. அவர் பேனாவை மூடினார். ஒரு நிமிஷம் யோசித்தார். யோசிக்கத்தான் செய்தார். பிறகு, சரி, அவசரம்னா நாமளே எடுத்துரலாம். அவள் கொடுத்த 'நீங்களே'வைத்தான் அவர் 'நாமளே' என்று திருப்பித் தந்தார். ஆனால் நான் நூலகக்காரி. எனக்கு என்ன தெரியும். தெரிந்தவர் நீர்தானே. நான் அவசரப்பட்டால் நீர் ஏன் பட வேண்டும். முடியாதும்மா, எனக்குப் பழக்கம் இல்லை என்று ஏன் சொல்லவில்லை. ஒரு டிரைவர் சொல்லுவான், எனக்கு மலைப்பாதை பழக்கம் இல்லை, வேறு ஆளைப் பாருங்க என்று. உமக்கு ஏன் நா எழவில்லை. பொண்ணு வீட்டார் விஷயம் தெரிந்ததும் தை முதல் வாரமே தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பெண் இப்போது தூத்துக்குடியில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள்.

பலகையில் அறுபத்தொன்று. அவர் பாட்டிலோடு திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார். எழுந்தது அவள்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. கால்கள் மூன்று வரிசையைத் தாண்டின. அந்தப் பெண்ணுக்கு அடுத்த பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தாள்.

"சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் தெரியவில்லை, பிறகு தெரிந்தது. தெரிந்ததும் முகம் ஒரு சுற்று சின்னதாயிற்று.

"குமரகுருபரன் அக்கா" என்றார்.

பெயரை மறந்திருப்பார் என்றுதான் அவள் நாலு வருஷமும் ஒத்திகை பார்த்திருந்தாள். மறந்தவரிடம் சொல்வதற்கென்று தொடுத்து வைத்திருந்த முதல் வரி அப்படியே வீணாயிற்று.

"இது யாரு சார்?"

"மக. மிருதுளா. ஆர்க்கிடெக்ட்டுக்குப் படிக்கா."

"கையில என்னம்மா?"

"சின்னதா ஒரு கட்டி ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் குரலில் தெரிந்தது. "வலிகூட இல்ல. எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு. அப்பா தொட்டுக்கூடப் பாக்கல. நேரா இங்க போயிருவோம்னு டிக்கெட் போட்டுட்டாங்க."

"தொட்டுக்கூடப் பாக்கலையா?"

"ஆமா ஆன்ட்டி."

சங்கரவடிவு அவரைப் பார்த்தாள். குரலைக் கொஞ்சம்கூட உயர்த்தவில்லை. "ஏன் சார், சின்னக் கட்டிதானே. நாமளே எடுத்துரலாமே."

அவர் பாட்டிலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "வெளிய போய்ப் பேசுவோமாம்மா?" என்றார்.

"இங்கனயே பேசுவோம். பிள்ளையும் கேக்கட்டும். என் தம்பிக்கு முந்தி நீங்க இந்த மாதிரிக் கட்டி எத்தனை எடுத்திருந்தீங்க?"

"அப்பா?" என்றாள் மிருதுளா.

"ஒண்ணுகூட இல்ல" என்றார் அவர். "படிக்கும்போது ஒண்ணு பாத்திருக்கேன். பக்கத்துல நின்னு. வேற ஒருத்தர் பண்ணுனாரு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் மூணு பேர் வந்தாங்க. மூணு பேரையும் தொடாம இங்க அனுப்பிட்டேன். நல்லா இருக்காங்க." கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"அப்ப நீங்க பாடம் படிச்சது என் தம்பி கால்ல."

எத்தனை ருசியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ருசியாகத்தான் இருந்தது. அவருடைய தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதை, அந்தப் பெண் தன் கையைத் தகப்பனிடமிருந்து ஒரு விரற்கடை தள்ளி வைத்ததை, பின்வரிசையில் இருந்த பர்தாப் பெண்மணி பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்ததை, ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்த்தாள். இன்னும் வேண்டும் என்று இருந்தது. இன்னும் நிறைய வைத்திருந்தாள், நாலு வருஷத்துச் சேமிப்பு, வரிசையாக. அதற்குள் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது, ஊன்றுகோல் ஒன்று, செயற்கைக் காலின் ரப்பர்ப் பாதம் ஒன்று, செருப்பு ஒன்று.

"சார், நீங்களா?" குமரகுருபரன் வேர்க்க விறுவிறுக்க வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினான். "எக்கா, சார் வந்திருக்காங்கன்னா உள்ள ஆள் விட்டுச் சொல்லக்கூடாதா? சார், பாருங்க, நல்லா இருக்கேன். நாலு வருஷம் ஆச்சு. பாப்பாவுக்கா?" அவன் கண் அந்த உறைக்கும் கைக்கும் போய் வந்தது. சிரிப்பு அடங்கி, கம்பத்தின் கீழே நின்று மேலே இருக்கிறவனிடம் பேசுகிற குரல் வந்தது. "பயப்படாதம்மா. இங்க இவங்களுக்கு தினம் இதேதான் வேலை. எங்க லைன்லயும் அப்படித்தான். ஹை டென்ஷன் லைன்ல புது ஆளை ஏத்தவே மாட்டோம். நூறு தடவ ஏறுனவன்தான் ஏறணும். பழகாத ஆள் கைய வச்சா அவனுக்கும் ஆபத்து, கீழ நிக்கவனுக்கும் ஆபத்து. அதெல்லாம் உங்க அப்பாவுக்குத் தெரியாததா."

பால்வண்ணன் எழுந்து நின்றுவிட்டார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"நீங்களே சொல்லுங்க சார்" என்றாள் சங்கரவடிவு.

"என்னக்கா?"

"சார் சொல்லுவாங்க."

இப்படி ஒரு தண்டனை இருக்கிறது என்று அவள் யோசித்து வைத்ததே இல்லை. அந்த நிமிஷம் தானாக வந்தது. வந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. அவர் தம்பியைப் பார்த்துச் சொன்னார். நோயாளியிடம் டாக்டர் பேசுகிற குரல் இல்லை.

"குமரகுருபரன், அன்னைக்கு நான் அதைத் தொட்டிருக்கக் கூடாது. ஸ்கேன் எடுக்காம, ஊசி போட்டுப் பாக்காம, கொழுப்புக் கட்டின்னு நெனச்சு வெட்டுனேன். குறுக்க வெட்டுனேன். உடைஞ்சு துண்டாத்தான் வந்தது. அதனாலதான் இங்க இவங்களுக்கு வேற வழி இல்லாமப் போச்சு. மொதல்லயே இங்க அனுப்பியிருந்தா கால் தங்கியிருக்கும். கட்டாயம்னு சொல்ல முடியாது. ஆனா தங்கியிருக்கும்னுதான் நெனைக்கேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை. பழக்கமில்லன்னு சொல்ல வெக்கமா இருந்தது."

சொல்லி நிறுத்தினார். சங்கரவடிவு காத்திருந்தாள். இப்போது வரும். மதுரைக்குப் போகச் சொன்னேன், உங்க அக்காதான் நாள் இல்லேன்னாங்க. அது வரும், வரட்டும், வந்தால் அதற்குப் பதில் இருக்கிறது, நீர்தானே தெரிந்தவர் என்ற பதில். அவர் அவளைப் பார்த்தார். ஒரு கணம்தான். நினைவிருக்கிறது. பெயரையே மறக்காதவர் அதை எப்படி மறப்பார். அவர் வாய் திறக்கவில்லை.

பலகையில் அறுபத்துநாலு விழுந்தது. மிருதுளாவின் கையில் இருந்த சீட்டில் அறுபத்துநாலு. அவள் எழுந்திருக்கவில்லை, குமரனுடைய வலது பேன்ட் காலை, உள்ளே சதை இல்லாமல் குழாயாகத் தொங்குகிற அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குமரன்தான் சொன்னான். "போங்க சார். நம்பர் தாண்டிட்டா கடைசியிலதான் கூப்பிடுவாங்க."

அவர் மகளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு போனார். அந்தக் கை நடுங்கியது. சங்கரவடிவு பார்த்தாள். ஆடித்தபசில் கேட்டது அதுதான், அச்சாக அதுவேதான், அவ்வளவு தூரத்திலும் நன்றாகத் தெரிந்தது. சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் அந்த மதுரைப் பேச்சை அவர் சொல்லாமல் விட்டது நெஞ்சுக்குழியில் மீன்முள் மாதிரி நின்றது. யார் கேட்டார் அவரிடம் இந்தத் தயவை. முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டு போகிறார், பெரிய மனுஷர். இனி அவரை நிம்மதியாக வெறுக்க வேண்டுமென்றாலும், அன்றைக்கு அவள் சொன்னதைப் பற்றி அவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்காகவும் சேர்த்து வெறுத்தாள், முன்னைவிட அதிகமாக.

குமரன் நாற்காலியில் உட்கார்ந்தான். ஊன்றுகோலைக் கீழே வைத்தான். சிரிப்பு இருந்த இடம் முகத்தில் வெறுமனே இருந்தது. 

"உனக்கு எப்பத் தெரியும்?"

"இங்க வந்த ரெண்டாம் நாளே."

"நாலு வருஷம்."

"நீ தாங்கமாட்டேன்னுதாம்ல..."

"காலைத் தாங்குனேன். இதத் தாங்கமாட்டேனா?" குரல் உயரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "வருஷா வருஷம் அவருக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புதேன். கடையில நின்னு பொறுக்கி எடுத்து. அட்ரஸ் எழுதுதது நீ. எழுத்து அழகா இருக்கும்னு உன்கிட்ட தருவேன். மையக் காயவச்சுத் தருவ. ஒரு வருஷமாவது கை நிக்கலையா உனக்கு?"

சங்கரவடிவு அவன் தோளைத் தொடப் போனாள். அவன் விலகவில்லை, தொடவும் விடவில்லை. எப்படியோ அந்தத் தோள் தூரத்தில் இருந்தது. ஸ்கேன் அறைப் பக்கமிருந்து ஒரு நர்ஸ் வந்து, குமரகுருபரன் யாரு, ரிப்போர்ட் மூணு மணிக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் தலையாட்டினான். பிறகு முதல்தடவையாக அக்காவின் பக்கம் முழுசாகத் திரும்பினான்.

"வேற ஏதும் இருக்கா எக்கா? இருந்தா இப்பமே சொல்லிரு. இதோட முடிச்சிருவோம்."

மருத்துவர் அறையின் கதவு மூடியிருந்தது. உள்ளே அந்தச் சின்னப் பெண்ணின் கையை யாரோ நூறு தடவை, ஆயிரம் தடவை பார்த்த கண்ணோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஆள் ஓரமாக நின்றுகொண்டிருப்பார், வாயை மூடிக்கொண்டு. திறக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஒண்ணும் இல்லல" என்றாள்.